என்ன கிழமை, எந்த அடுப்பு: மொராக்கோவில் சாப்பிட்ட கதை

மராகேஷ் நகரத்து ஆண்கள் சமைக்கும் கறி ஒன்று உண்டு. தஞ்சியா என்று பெயர். இதற்கு வீட்டில் அடுப்பே வேண்டாம். தெருவில் ஒரு ஹம்மாம், அதாவது பொது வெந்நீர்க் குளியல்கூடம், இருந்தால் போதும்.

குளியல்கூடத்தின் வாசல் ஒரு சந்தில் இருக்கும். தண்ணீர் காய்ச்சும் உலை பின்பக்கத்துச் சந்தில், நாலு படி கீழே இறங்கினால் வரும் இருட்டறையில் இருக்கும். அதை ஃபர்னாச்சி என்கிறார்கள். மரத்தூளும் தச்சுப் பட்டறைக் கழிவும் நாள் முழுக்க அதில் எரிந்துகொண்டே இருக்கின்றன. எரிந்து விழுந்த சாம்பலை உலைக்காரர் ஓர் ஓரமாக ஒதுக்கிக் குவித்து வைத்திருப்பார். அந்தச் சாம்பலுக்குள் இடுப்பளவு புதைந்து மண் ஜாடிகள் நிற்கும். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய ராத்திரிச் சாப்பாடு.

நான் போன அன்று ஒன்பது ஜாடிகள் நின்றன. அதில் ஒன்று என்னுடையது.

அந்த ஜாடி வரைக்கும் போய்ச் சேர எனக்கு இரண்டு நாள் வீணாயிற்று. நவம்பர் மாதம், நானும் மனைவியும் பத்து நாள் பயணம். முதல் இரண்டு நாளும் மராகேஷின் பெரிய சதுக்கமான ஜமா எல்-ஃப்னாவைச் சுற்றியிருந்த மொட்டைமாடி உணவகங்களில் சாப்பிட்டோம். எல்லாக் கடையிலும் ஒரே பட்டியல். தஜீன் என்கிற மண்சட்டிக் கறி பன்னிரண்டு வகை, ஆவியில் வேகவைத்த ரவை மணியான குஸ்குஸ் ஆறு வகை, ஹரீரா சூப், பஸ்தியா. என்ன கேட்டாலும் எட்டு நிமிடத்தில் வந்தது. கூம்பு மூடியைத் திறந்தால் புகை மட்டும் அழகாக எழுந்தது. உள்ளே வெந்த காய்கறியும், எதனோடும் சேராத கோழியும், மஞ்சள் தண்ணீரும். "இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள் மனைவி. அவள் சைவம் வேறு. இரண்டு நாளும் உருளைக்கிழங்கைத் தின்றே ஓட்டியிருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில், நாங்கள் தங்கியிருந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் இளைஞரிடம் புலம்பினேன். நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய பழைய வீடு அது. அந்த மாதிரி வீட்டை ரியாத் என்கிறார்கள். எங்கள் ஊர்த் தொட்டிக்கட்டு வீடு ஞாபகம் வந்தது. அவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்கு என்ன கிழமை?" செவ்வாய் என்றேன். "அப்போ குஸ்குஸ் ஏன் கேட்டீங்க?" என்றார். எனக்குப் புரியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டரைதான் ஆகுது. இப்போ கிளம்பினா ராத்திரிக்கு நல்ல சாப்பாடு கிடைக்கும்."

கிளம்பிப் போன இடம் கசாப்புக் கடை. தஞ்சியாவில் பாதிச் சமையலைக் கசாப்புக்காரரே செய்துவிடுகிறார் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. எத்தனை பேர் என்று கேட்டார். ஆட்டுக் காலை எலும்போடு பெரிய துண்டுகளாக வெட்டினார். இரண்டு காது வைத்த, கழுத்து குறுகிய மண் ஜாடி ஒன்றை எடுத்து அதற்குள் கறியைத் திணித்தார். மேலே பல் பல்லாகப் பிரித்த பூண்டு, ஒரு பெரிய சிட்டிகை சீரகம், குங்குமப்பூ, உப்பில் ஊறிய எலுமிச்சை ஒன்று, ஸ்மென் என்கிற உப்பிட்டுப் புளிக்கவைத்த வெண்ணெய் ஒரு கரண்டி, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய், அரைத் தம்ளர் தண்ணீர். அவ்வளவுதான். வெங்காயம் கிடையாது. வதக்கல் கிடையாது, தாளிப்பு கிடையாது. ஜாடியின் வாயைப் பழுப்புக் காகிதத்தால் மூடிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, காகிதத்தில் நாலு துளை போட்டு என் கையில் கொடுத்தார்.

ஜாடியைத் தூக்கிக்கொண்டு உலைக்குப் போனோம். உலைக்காரர் வாங்கினார், சாம்பலை ஒரு நீளக் கம்பியால் விலக்கினார், ஜாடியை இறக்கினார், திரும்ப மூடினார். சீட்டு இல்லை, பெயர் எழுதவில்லை. நாள் முழுக்க அவர் ஜாடியைப் போய்ப் போய்த் திருப்பி வைக்க வேண்டும், சூடு குறைந்தால் சாம்பலைத் தள்ள வேண்டும். அதற்குச் சில திர்ஹாம்கள் கூலி.

மாலை ஆறரைக்குப் போய் வாங்கி வந்தோம். காகிதத்தை அறுத்துத் தட்டில் கவிழ்த்தபோது கறி எலும்பிலிருந்து தானாகவே கழன்று விழுந்தது. குழம்பு என்று சொல்ல முடியாது. கொழுப்பும் எலுமிச்சையும் எண்ணெயும் ஒன்றாகிப் பிசுபிசுவென்று ஏதோ ஒன்று. ரொட்டியைக் கிழித்து அதில் தொட்டுச் சாப்பிட்டேன். பக்கத்தில் சீரகப் பொடியும் உப்பும் கலந்த சின்னக் கிண்ணம். மேலே தூவிக்கொள்ள வேண்டுமாம். சாம்பலின் மெல்லிய வாசனை கறியில் இருந்ததா, அல்லது நான் உலையைப் பார்த்துவிட்டு வந்ததால் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை.

இது கல்யாணமாகாத பட்டறைத் தொழிலாளிகளின் சாப்பாடு. வெள்ளிக்கிழமை அவர்களுக்கு விடுமுறை. வியாழன் இரவே நாலைந்து பேர் காசு போட்டு ஜாடியைச் சாம்பலில் வைத்துவிட்டு, மறுநாள் எடுத்துக்கொண்டு நகரத்துத் தோட்டங்களுக்குப் போய்விடுவார்கள். சமைக்கத் தெரியாதவன், சமையலறை இல்லாதவன், ஆனால் நாக்கு உள்ளவன் கண்டுபிடித்த உணவு. இதில் அம்மாவின் கைப்பக்குவம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அன்றிலிருந்து மொராக்கோவில் எங்கே போனாலும் இரண்டு கேள்விகளோடு போனேன். இது எந்தக் கிழமைச் சாப்பாடு? எந்த அடுப்பில் வேகிறது? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத கடையில் எனக்கு நல்ல சாப்பாடு கிடைக்கவில்லை.

தஜீனையே எடுத்துக்கொள்வோம். பெயர் பாத்திரத்துக்கும் ஒன்றுதான், அதில் சமைத்ததற்கும் ஒன்றுதான். தட்டையான மண்சட்டி, மேலே கூம்பு மூடி. இதன் அடுப்பு மிஜ்மர் என்கிற மண் கணப்பு, எரிபொருள் கரி. கரியின் சூடு குறைவு, அதனால் நேரம் அதிகம். கறி முதலில் அடியில் போகும், காய்கள் அதன்மேல் கோபுரமாக அடுக்கப்படும், கிளறவே கூடாது. எழும் ஆவி மூடியில் பட்டுத் திரும்பச் சட்டிக்குள் இறங்கும். இதை எட்டு நிமிடத்தில் பரிமாற ஒரே வழிதான் உண்டு: வேறு பாத்திரத்தில் மொத்தமாகச் சமைத்து வைத்துக்கொண்டு, கேட்டவுடன் தஜீனில் ஊற்றிச் சூடுபண்ணித் தருவது. நல்ல தஜீன் வேண்டுமானால் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் நிற்கிற இடத்தைப் பாருங்கள். கடை வாசலில் வரிசையாகக் கணப்புகள், அவற்றின்மேல் கறுத்துப்போன சட்டிகள், பதினொரு மணியிலிருந்தே வெந்துகொண்டிருக்கும். இரண்டு மணிக்குமேல் போனால் தீர்ந்துவிடும்.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் பிறகு போன வீடுகளில் தஜீன் சட்டி அலமாரிமேல் இருந்தது. அடுப்பில் இருந்தது பிரஷர் குக்கர். கோகோட் என்கிறார்கள், பிரெஞ்சுச் சொல். ஃபெஸ் நகரத்துச் சந்து ஒன்றில் மதியம் பன்னிரண்டு மணிக்கு நடந்து போகும்போது வீட்டுக்கு வீடு விசில் சத்தம் கேட்டது. ஒரு கணம் எந்த ஊரில் இருக்கிறோம் என்றே மறந்துவிட்டது.

மசாலா பற்றி ஒரு தவறான எண்ணத்தோடு நான் போயிருந்தேன். கடைத்தெருவில் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருக்கும் வண்ணப் பொடிகளைப் படத்தில் பார்த்துப் பார்த்து, நம்மைவிட மசாலா அதிகம் போடுகிறவர்கள் என்று நினைத்திருந்தேன். வீட்டுச் சமையலில் அன்றாடம் போவது ஆறேழுதான். சுக்குப் பொடி, மஞ்சள், மிளகு, சீரகம், இனிப்பு மிளகாய்ப் பொடி, பட்டை, வசதி இருந்தால் குங்குமப்பூ. பச்சை இஞ்சி இல்லை, சுக்குதான். நாம் கஷாயத்துக்கும் காப்பிக்கும் வைத்திருக்கிற சுக்கை அவர்கள் கறிக்குப் போடுகிறார்கள். அது ஒரு தனி வாசனை. காரம் என்பது அநேகமாக இல்லை. சுக்கும் குங்குமப்பூவும் போட்ட மஞ்சள் குழம்புக்கு ம்கல்லி என்று பெயர். மிளகாய்ப் பொடியும் சீரகமும் போட்ட சிவப்புக்கு ம்ஹம்மர். தஜீன் பட்டியலில் இருக்கும் பன்னிரண்டில் பெரும்பாலானவை இந்த இரண்டு குடும்பத்துக்குள் அடங்கிவிடும்.

ரஸ் எல் ஹானூத் என்ற மசாலாவை எல்லாக் கடைக்காரரும் விற்பார்கள். "கடையின் தலை" என்று பொருள், அதாவது கடையிலேயே உசத்தியான சரக்கு. இருபது முப்பது பொருள்கள் சேர்ந்த கலவை. வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் இதை அவர்கள் எல்லாவற்றிலும் தூவுவதில்லை. பக்ரீத் கறியில் திராட்சையும் தேனும் சேர்த்துச் செய்யும் ம்ரூசியா மாதிரிச் சிலவற்றுக்கு மட்டும்தான். குங்குமப்பூ வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். நல்லது தெற்கே தலிவீன் பக்கம் விளைகிறது. அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் வெயில் ஏறுமுன் பூவைப் பறிக்கிறார்கள். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 150 பூ தேவை. ஆகவே யாராவது கைப்பிடி அளவு மலிவாகக் கொடுத்தால் அது குங்குமப்பூ இல்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் போனேன், போயும் ஏமாந்தேன். வீட்டில் வந்து வெந்நீரில் போட்டால் நொடியில் சிவப்புச் சாயம் கரைந்து, நார் வெளுத்துப் போயிற்று.

அங்கே அடிக்கடி காதில் விழுந்த ஒரு சொல் பெல்தி. ஊர்ச் சரக்கு என்று அர்த்தம். அதற்கு எதிர்ச்சொல் ரூமி. ரோமானியன், அதாவது கடல் கடந்து வந்தவன். பெல்தி கோழி, ரூமி கோழி; பெல்தி வெண்ணெய், ரூமி வெண்ணெய். நாம் நாட்டுக் கோழி, நாட்டுத் தக்காளி என்று சொல்வதும், சீமை என்று ஒட்டுவைத்துச் சொல்வதும் அச்சு அசலாக இதேதான். சந்தையில் "பெல்தி?" என்று ஒரே ஒரு சொல்லைக் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை நிமிர்ந்து பார்ப்பார். விலையும் கொஞ்சம் நிமிரும்.

வியாழக்கிழமை மராகேஷிலிருந்து ரயிலேறி ஃபெஸ் போனோம். காசாபிளாங்கா வழியாக ஏறக்குறைய ஏழு மணி நேரம். ஃபெஸ்ஸின் பழைய நகரத்துக்குள் கார் வராது. சுமை தூக்குவது கோவேறு கழுதைகள். பின்னாலிருந்து "பாலக்! பாலக்!" என்று குரல் கேட்டால் சுவரோடு ஒட்டி நின்றுவிட வேண்டும். நாங்கள் அங்கே ஒரு குடும்பத்தின் மேல்மாடி அறையில் தங்கினோம். வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் லல்லா என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் என் மனைவியைப் பென்த்தி, என் மகளே, என்றார். என்னை வல்தி, என் மகனே. மறுநாள் வெள்ளிக்கிழமை, மதியம் வெளியே எங்கும் சாப்பிடக்கூடாது என்று முந்தின இரவே உத்தரவு போட்டுவிட்டார்.

வெள்ளி என்றால் குஸ்குஸ். மதியத் தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பும் நேரத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். சமையலறையில் நின்று பார்க்க எங்களுக்கு அனுமதி கிடைத்தது. கோதுமை ரவையைத் தண்ணீர் தெளித்து உருட்டிக் காயவைத்த மணிகள்தான் குஸ்குஸ். முன்பு இதை வீட்டிலேயே உருட்டுவார்கள். இந்த அம்மா உருட்டியதைக் கடையில் வாங்குகிறார். ஆனால் பொட்டலத்தின்மேல் "வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைக்கவும்" என்று போட்டிருப்பதைக் காட்டி என் மனைவி கேட்டபோது, அவர் முகத்தில் வந்த சுளிப்பை வர்ணிக்க முடியாது. இட்லிமாவு பாக்கெட்டைப் பார்த்த என் பாட்டியின் முகம்.

கீழே பெரிய பானையில் கறியும் காய்களும் குழம்பாகக் கொதிக்கும். மேலே அடியில் துளைபோட்ட பாத்திரத்தில் குஸ்குஸ் ஆவியில் வேகும். இரண்டுக்கும் நடுவே ஆவி கசியாமல் இருக்க, மாவுக் கரைசலில் நனைத்த துணிக் கீற்றைச் சுற்றிக் கட்டினார். முதலில் மணிகளை ஒரு பெரிய தாம்பாளத்தில் கொட்டி, எண்ணெயும் தண்ணீரும் தெளித்துப் பிசிறினார். புட்டுக்குப் பிசிறுகிற அதே விரல் வேலை. கட்டி தட்டாமல், உதிரி உதிரியாக. ஆவியில் வைத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பத் தாம்பாளத்தில் கொட்டி, கொதிக்கக் கொதிக்கக் கையாலேயே உடைத்து, உப்புத் தண்ணீர் தெளித்து, மறுபடி ஆவி. இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் மணி பருத்துக்கொண்டே வந்தது. மூன்றாவது தடவை வெண்ணெய் போட்டுக் கலந்தபோது என் மனைவி கொஞ்சம் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "நாம சாப்பிட்டது குஸ்குஸே இல்ல" என்றாள்.

2020இல் மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, மொரிட்டானியா நான்கு நாடுகளும் சேர்ந்து விண்ணப்பித்து யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் குஸ்குஸைச் சேர்த்தன. அரசியலில் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத அல்ஜீரியாவும் மொராக்கோவும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டது இந்தச் சட்டிக்காகத்தான்.

தாம்பாளத்தில் குஸ்குஸை மலையாகக் குவித்து, நடுவில் குழி செய்து கறியை வைத்து, சுற்றிலும் காய்களைச் சாய்த்து நிறுத்தினார். பூசணி, கேரட், முட்டைக்கோஸ், டர்னிப், சீமைச் சுரைக்காய், தக்காளி, கொண்டைக்கடலை. மனைவிக்காக ஒரு பக்கம் தனியாகக் காய் மட்டும் போட்ட கிண்ணம். இங்கே ஒரு எச்சரிக்கை. "ப்லா ல்ஹம்", கறி இல்லாமல், என்று சொன்னால் மொராக்கோவில் கறித்துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள். காய் வெந்தது கறிக் குழம்பில்தான். அவர்கள் ஏமாற்றவில்லை, அவர்கள் கணக்கில் அது கறி இல்லாத சாப்பாடு. லல்லாவிடம் நாங்கள் முதல் நாளே விளக்கியதால் ஒரு சின்னப் பானையில் தனியாகச் செய்திருந்தார். கடைகளில் அது நடக்காது.

தாம்பாளம் நடுவில் வந்தது. சுற்றி ஏழு பேர். தனித்தட்டு கிடையாது.

எச்சில் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த இடம் கொஞ்சம் கஷ்டம்தான், ஒளிக்காமல் சொல்கிறேன். தண்ணீரைக் கூட அண்ணாந்து குடித்துப் பழகிய கை, அந்நியர் ஆறு பேர் கை வைக்கும் தட்டுக்கு முன்னால் தயங்கியது. பிஸ்மில்லா சொல்லி ஆரம்பித்தார்கள். ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒழுங்கு பிடிபட்டது. ஒவ்வொருவருக்கும் முன்னால் முக்கோணமாக ஒரு வயல். அதைத் தாண்டி யாரும் கை நீட்டவில்லை. வலது கை மட்டும்தான். நடுவில் இருக்கும் கறியை யாரும் தொடவில்லை. கடைசியில் லல்லாதான் அதைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளினார். என் பக்கம் வந்தது மற்றவர்களுடையதைவிட இருமடங்கு. பெரியவர் ஒருவர் மட்டும் குஸ்குஸை உள்ளங்கையில் வைத்துக் குலுக்கிக் குலுக்கி உருண்டையாக்கி வாய்க்குள் எறிந்தார். இளையவர்கள் கரண்டியில் சாப்பிட்டார்கள். நான் சோறு பிசைகிற பழக்கத்தில் உருட்டிப் பார்த்தேன். சட்டை முழுக்க உதிர்ந்தது. அந்தப் பெரியவர் சிரித்த சிரிப்பில் எச்சில் எல்லாம் மறந்துபோயிற்று.

சாப்பாட்டோடு குடிக்க வந்தது ல்பன். தம்ளரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கடைந்த மோர். வெயிலுக்கும் வயிற்றுக்கும் மோர்தான் என்று முடிவு செய்ய அவர்கள் நம்மைக் கேட்கவில்லை, நாமும் அவர்களைக் கேட்கவில்லை. போதும் என்று சொல்ல "ஸாஃபி". அதை நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு தேநீர். அதாய் என்பார்கள். சீனாவிலிருந்து வரும் பச்சைத் தேயிலை, குண்டுமணி போலச் சுருட்டியது. இதை மொராக்கோவின் ஆதிகாலப் பானம் என்று நினைப்போம். ஊர் முழுக்கப் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1850களில் கிரிமியப் போரால் தங்கள் சந்தை அடைபட்டபோது, பிரிட்டிஷ் வணிகர்கள் சரக்கை டாஞ்சியர், மொகடோர் துறைமுகங்களுக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த மொகடோர்தான் இன்றைய எஸ்ஸவீரா. புதினா ஏற்கெனவே இருந்தது, சர்க்கரை வந்து சேர்ந்தது. கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டியை உடைத்துப் போடும் அளவைப் பார்த்தால் நம்மூர் டீக்கடை மாஸ்டரே பயப்படுவார். உயரத்திலிருந்து ஊற்றுவது நுரைக்காக. ஆற்றிக் குடிக்கிற ஊர்க்காரனுக்கு அதில் வித்தை எதுவும் தெரியவில்லை, பரிச்சயம்தான் தெரிந்தது.

சைவர்களுக்காகக் கொஞ்சம் நிற்கிறேன். மொராக்கோவில் அவர்களுக்கு வாய்த்த நேரம் காலைதான். ஃபெஸ்ஸில் குளிர் காலையில் ஒற்றை அண்டாவோடு உட்கார்ந்திருக்கும் பிஸ்ஸாராக் கடைகள். உலர்ந்த மொச்சை போன்ற ஃபாவா பருப்பைப் பூண்டோடு குழைய வேகவைத்துக் கடைந்தது. மேலே ஆலிவ் எண்ணெய், சீரகப் பொடி. பத்து மணிக்குள் அண்டா காலியாகிவிடும். அப்புறம் ம்ஸெம்மென்: மாவை எண்ணெய் தொட்டு விசிறாமல் கையாலேயே காகிதம்போல இழுத்துச் சதுரமாக மடித்துக் கல்லில் போடுவது. நம் பரோட்டாவுக்குத் தூரத்து அண்ணன். பக்ரீர் என்பது ஒரு பக்கம் மட்டும் வேகும் ரவை ஆப்பம். முகமெல்லாம் துளை, துளையெல்லாம் தேனும் வெண்ணெயும். மதியத்துக்குச் சுட்ட கத்திரிக்காயைத் தக்காளியோடு மசித்த ஸாலூக். மனைவி இதைக் கத்திரிக்காய் கொத்சு என்றே கடைசிவரை கூப்பிட்டாள்.

பஸ்தியா எனக்குப் பிடிக்கவில்லை. ஃபெஸ்ஸின் பெருமை அது; புறாக்கறி, முட்டை, பாதாம் இவற்றைக் காகித மெல்லிய வர்க்கா தகடுகளில் பொதிந்து சுட்டு, மேலே சர்க்கரைப் பொடியும் பட்டைத்தூளும் தூவுவார்கள். கறியில் ஜீனியா என்று என் நாக்கு கடைசிவரை அடம்பிடித்தது. ஆனால் வர்க்கா செய்வதை ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். ஈர மாவு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, சூடான தட்டின்மேல் ஒற்றி ஒற்றி எடுக்கிறார்கள். ஒவ்வொரு ஒற்றலிலும் ஒரு வட்டம் ஒட்டிக்கொள்கிறது. வட்டங்கள் சேர்ந்து ஒரு தகடு. மத்தி மீனுக்காக எஸ்ஸவீரா போக நினைத்திருந்தோம், நாள் போதவில்லை. இரண்டு மத்தியை விரித்து, நடுவில் கொத்தமல்லித்தழை, பூண்டு, சீரகம் அரைத்த ஷர்மூலாவை வைத்து ஒட்டிப் பொரிப்பதை ஃபெஸ் சந்தையிலேயே சாப்பிட்டுவிட்டேன்.

லல்லாவின் பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்திருந்தது. அங்கிருந்து ர்ஃபீஸா வந்தது. பிள்ளை பெற்றவளுக்குச் செய்வது. ம்ஸெம்மெனைப் பிய்த்துப் போட்டு, அதன்மேல் பெல்தி கோழியும் மசூர்ப் பருப்பும், எல்லாவற்றுக்கும் மேலாக வெந்தயம். பால் சுரக்கவும் இடுப்புக்குப் பலம் வரவும் என்று லல்லா விளக்க ஆரம்பித்தார். விளக்கத் தேவையில்லை என்று மனைவி கையமர்த்தினாள். அவளுக்குப் பிரசவத்தின்போது அவள் அம்மா வெந்தயக்களி கிண்டிய கதையை அவள் தமிழிலும் கைச்சாடையிலும் சொல்ல, அந்த அம்மாள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பூண்டு பற்றி மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு.

ஃபெஸ்ஸில் நான் தேடிக் கண்டது ஃபெர்ரான், தெருவின் பொது ரொட்டி அடுப்பு. பழைய நகரத்தின் ஒவ்வொரு பேட்டைக்கும் பள்ளிவாசல், குர்ஆன் பள்ளி, நீர்த்தொட்டி, ஹம்மாம், ஃபெர்ரான் என்ற ஐந்தும் இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஐந்தில் இரண்டு நெருப்பு. காலையில் வீட்டில் மாவு பிசைந்து, வட்டமாகத் தட்டி, மரப்பலகையில் வைத்துத் துணி போர்த்திப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறார்கள். பையன்கள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். கீழே விழுந்த ரொட்டித் துண்டைப் பார்த்தால் அதை எடுத்து முத்தமிட்டு, கால்படாத உயரமான இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். சுவர்ப் பொந்துகளில் இப்படி வைத்த துண்டுகளை நிறையப் பார்த்தேன்.

இந்த அடுப்பு முஸ்லிம் வீடுகளுக்கு மட்டும் வெந்ததில்லை. ஃபெஸ்ஸில் 1438இல் யூதர்களுக்கென்று மெல்லாஹ் என்ற தனிப் பேட்டை உருவானது. சனிக்கிழமை அவர்கள் தீ மூட்டக்கூடாது. அதனால் வெள்ளி மாலை, பொழுது சாயுமுன், கொண்டைக்கடலை, கோதுமை, உருளைக்கிழங்கு, கறி, ஓட்டோடு முட்டை எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு மூடி ஃபெர்ரானில் வைத்துவிடுவார்கள். ராத்திரி முழுக்க அணைந்துவரும் சூட்டில் வேகும். சனி மதியம் எடுத்தால் முட்டை பழுப்பாகியிருக்கும். பெயர் ஸ்கீனா, "சூடானது" என்று பொருள். 1940களின் கடைசியில் மொராக்கோவில் இரண்டரை லட்சம் யூதர்கள் இருந்தார்கள். பிறகு இஸ்ரேலுக்கும் பிரான்சுக்கும் போனார்கள். இன்று சில ஆயிரம் பேர். மெல்லாஹ்வின் தெருக்களில் நடந்தபோது வீதியைப் பார்த்த மரப் பால்கனிகள் அப்படியே இருந்தன. சனிக்கிழமைதான் அன்று. பானையைத் தூக்கிக்கொண்டு யாரும் வரவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் லல்லா என் மனைவியிடம் மாவைத் தள்ளினார். நீ பிசை என்றார். ரவையும் மைதாவும் கலந்த மாவு. சப்பாத்தி போட்ட கை, எனக்கு இது தெரியாதா என்ற மிதப்பில் பிசைந்தாள். அவர் மூன்று ரொட்டி தட்டினார், இவள் ஒன்று. நாலையும் ஒரே பலகையில் வைத்து, நானே கொண்டுபோகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். தலையில் வைக்கத் துணிவில்லை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "பாலக்" என்று கத்தக் கூச்சப்பட்டுக்கொண்டு ஃபெர்ரானுக்குப் போனேன். அடுப்புக்காரர் வாங்கி உள்ளே தள்ளினார். அதற்கு முன்னாலும் பின்னாலும் முப்பது நாற்பது ரொட்டிகள் போயின. எல்லாம் ஒரே வட்டம், ஒரே அளவு.

ஒரு மணி நேரம் கழித்துப் போனேன். எந்தப் பலகை, யார் வீடு என்று எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் பிரெஞ்சில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். வாயைத் திறப்பதற்குள் அவர் நாலு ரொட்டியையும் எடுத்துத் துணியில் சுற்றி நீட்டிவிட்டார். லல்லாவின் மூன்றையும் எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாலாவதைக் கண்டுபிடிப்பது சுலபமாகத்தான் இருந்திருக்கும். அந்த அடுப்பிலேயே கோணலாக இருந்தது அது ஒன்றுதான்.